பதினெட்டாம் கூடையும் மஞ்சள் காளானும்

ஆறு வருஷமாகத் தைஸ்தோ தன் மச்சான் வெய்யோவிடம் தோற்றுக்கொண்டிருந்தான். தோற்றவன் ஜெயித்தவனின் குளிர்கால விறகை அடுக்கித் தர வேண்டும் என்பது பந்தயம். வெய்யோவின் கொட்டகையில் உள்ள ஒவ்வொரு கட்டையையும் தைஸ்தோவின் முதுகுக்கு நேரில் தெரியும்.

ஆட்டம் சுலபமானதுதான். பிளாஸ்டிக் தட்டை வீசி, கம்பத்தில் சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவனுக்கு வெற்றி. இடையில் காடு இருந்தது, அதுதான் சங்கடம். அந்த மைதானத்தை அமைத்தவர்கள் மரம் வெட்ட மறந்துவிட்டுக் கூடையை மட்டும் நட்டுப் போயிருந்தார்கள்.

இந்த வருஷம் கடைசியான பதினெட்டாம் கூடைக்கு வந்தபோது தைஸ்தோ ஒரு வீச்சு முன்னால் இருந்தான். வீசினான். ஆரஞ்சுத் தட்டு ஒரு பிர்ச் மரத்தில் 'டொக்'கென்று மோதி, இடப்பக்கத் தளிரடர்ந்த தோப்புக்குள் போய் மறைந்தது.

அவன் கவலை தட்டைப் பற்றி அல்ல. அங்கேதான், விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால், அவனுடைய மஞ்சள் காளான் இடம் இருந்தது. ஃபின்லாந்துக்காரன் வங்கி ரகசிய எண்ணைக்கூடச் சொல்லிவிடுவான்; காளான் கிடைக்கும் இடத்தைச் சொல்லமாட்டான். எங்கே பறித்தாய் என்று மனைவி ஆய்லி கேட்டபோதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவன் சொன்ன பதில், "காட்டுல." பல வருஷமாகப் பாதிக் காளானை யாரோ முந்திக்கொண்டு பறித்துப் போனார்கள். காட்டுமானாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். கத்தியால் சீராக நறுக்கும் காட்டுமான்.

தொலைந்த தட்டைத் தேட மூன்று நிமிஷம்; கூட ஆடுகிறவர்களும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அபராதமாக ஒரு வீச்சு, பழைய இடத்திலிருந்தே திரும்ப வீச வேண்டும். கணக்கு எழுத வந்த சிர்க்கா, தபால் எடுக்கப் போனாலும் இடுப்பில் காளான் கத்தியோடு போகிறவள். அவள் தோப்பை நோக்கி நடந்தாள்.

தைஸ்தோ அவளை முந்தி ஓடினான். காளான்களின் நடுவே தட்டு ஒய்யாரமாகக் குத்தி நின்றது. கையை உயர்த்தினால் வெற்றி. உயர்த்தினால் சிர்க்காவும் வருவாள்.

"இருக்கா?" என்று அவள் குரல் கொடுத்தாள்.

"இங்க இல்ல," என்றான் தைஸ்தோ.

அதற்குள் மறுபக்கத்திலிருந்து வெய்யோ நுழைந்துவிட்டான். தட்டைப் பார்த்தான். காளான்களைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய், பக்கத்துப் பெரணிச் செடியை வளைத்து அவற்றின் மேல் போட்டான்.

"நானும் நல்லாப் பாத்துட்டேன் சிர்க்கா, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நீ அந்த ஓடைப் பக்கம் போ."

தைஸ்தோ வாய்பிளந்தான். ஜெயிப்பதற்காக ஏமாற்றுகிறவன் காளானை எதற்கு மூட வேண்டும்?

"மச்சான், நீயா?" என்று கிசுகிசுத்தான்.

"பதினஞ்சு வருஷமா. நீ?"

"இருபத்திரண்டு."

"பாதி காணாமப் போகும்போதெல்லாம் காட்டுமான்னு நெனச்சேன்டா."

"நானும்தான்."

மூன்று நிமிஷம் முடிந்துவிட்டதாகச் சிர்க்கா அறிவித்தாள். தைஸ்தோ திரும்பப் போய் வீசினான். ஒரு வீச்சில் தோற்றான். ஏழாவது வருஷம்.

செப்டம்பரில் அவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது வெய்யோ வெளியே வந்தான். ஆறு வருஷமும் ஜன்னலோரம் காப்பி குடித்தபடி வேடிக்கை பார்த்தவன், மறுமுனையிலிருந்து அடுக்க ஆரம்பித்தான். வேலை முடிந்ததும் ஆரஞ்சுத் தட்டை நீட்டினான். அதன் மேல் அந்தத் தோப்புக் காளான், சரியாகப் பாதி.

கணவனை அழைத்துப்போக வந்த ஆய்லி தட்டைப் பார்த்துவிட்டாள். "அட, கெடச்சிடுச்சா? எங்க இருந்துது?"

மச்சான்கள் இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்:

"காட்டுல."