நாற்பத்தாறு கண்ணி

நில அளவையரின் வீடு முதல்முறையாக நகர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, கிழக்கே ஒரு கண்ணி தூரம். கண்ணி என்பது நிலம் அளக்கும் சங்கிலியின் நூறு துண்டுகளில் ஒன்று, இருபது சென்டிமீட்டர். சுவரில் விரிசல் விழவில்லை. அடுப்பிலிருந்த பால் தளும்பவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. இழுத்தது வாசல் தூணில் கட்டியிருந்த நாய். வெள்ளையில் பழுப்புப் புள்ளி, தொங்கு காது, பதினான்கு மாத வயது, பெயர் அம்பு. காட்டில் காடையைக் கண்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கும் வேட்டைச் சாதி. அந்தத் தெருவுக்குக் கிழக்கே, கடைசி வீட்டையும் தாண்டி, ஒரு புதர்க்காடும் அதில் காடைகளும் இருந்தன. அம்புவின் மூக்குக்கு அது பக்கத்து அறை மாதிரி.

நாயை விற்ற பெண் மூன்று முறை கேட்டுத்தான் கொடுத்தாள். "காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட விடணும். சும்மா நடக்கிறது இல்ல, ஓடணும். உங்களால முடியுமா?" என்று கேட்டாள். வெயிலிலும் வரப்பிலும் இருபத்தாறு வருடம் நடந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று அளவையர் சிரித்தார். முதல் வாரம் ஓடவும் செய்தார். இரண்டாவது வாரம் முட்டி வலித்தது. மூன்றாவது வாரம் வலிக்கவில்லை, ஆனாலும் ஓடவில்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவாள். மாலையில் வந்ததும் இன்று அம்பு எவ்வளவு தூரம் ஓடியது என்று ஆசையாகக் கேட்பாள். நான்கு கிலோமீட்டர் இருநூற்றுப் பத்து மீட்டர் என்பார் அவர். அளக்கிறவர் என்பதால் பொய்யையும் துல்லியமாகச் சொல்ல வந்தது. நாயோ கயிறு இரண்டையும் தோல்வார் ஒன்றையும் கடித்துத் துப்பியிருந்தது. அலுவலகத்தில் புது அளவைக் கருவி வந்த பிறகு கழித்துக்கட்டிய பழைய சங்கிலி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துத் தூணில் கட்டினார். பதினோராவது நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

அதன் பிறகு வீடு நாளுக்கு ஒரு கண்ணி நகர்ந்தது. ஞாயிறு, விடுமுறை என்று பார்க்கவில்லை. தெருவில் முதலில் கொஞ்சம் பேச்சு எழுந்தது. தபால்காரர் தன் கணக்கில் இரண்டு எட்டு கூட்டிக்கொண்டார். பேப்பர் போடுகிறவர் குறியை மாற்றிக்கொண்டார். ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போனது. வீட்டின் கிழக்குச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே பன்னிரண்டு கண்ணி இடம் இருந்ததால் பன்னிரண்டு நாள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பதின்மூன்றாம் நாள் காலை வேலிக் கம்பி சுவரில் உரசி முனகியது. அன்றைக்கு அவர் நாயை அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. அவர் கடப்பாரையை எடுத்துப் போய் எல்லைக்கல்லைப் பிடுங்கினார். வேலியையும் சேர்த்து ஒரு கண்ணி கிழக்கே தள்ளி நட்டு, மண்ணை மிதித்து, மேலே சருகு தூவினார். கல்லை நகர்த்திய எத்தனையோ பேரை அலுவலகத்துக்கு வரவழைத்து, நிற்க வைத்து, "சோறுதான சாப்பிடுறீங்க?" என்று கேட்டவர் அவர். அந்தக் கேள்வி அன்று கடப்பாரை பிடித்த கையோடு அவருக்கு நினைவு வந்தது. வந்தும் மறுநாள் மறுபடி நகர்த்தினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொத்தான் கடை அம்மா. கடைத்தெருவில் பொத்தான், ஊக்கு, நூல்கண்டு விற்றுத் தனியாகக் காலம் தள்ளுகிறவர். வேலிக் கம்பத்தில் கட்டிய, துணி காயப்போடும் கொடி தொய்வதைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. வந்து கேட்டபோது, ஒரு மூத்த அதிகாரி மாதிரி அளவையர் விளக்கினார். அந்தக் காலத்தில் சங்கிலியை வைத்துத்தானே அளந்தார்கள், இழுத்து இழுத்துச் சங்கிலி நீண்டுபோயிருக்கும், அதனால் உங்கள் பத்திரத்தில் அளவு கூடுதலாக ஏறிவிட்டது, கல் இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது என்றார். உண்மையில் நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் பத்திரத்தில் இருப்பதைவிட நிலம் கூடத்தான் இருக்கும். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அளவையருக்குத் தெரியும். "நீங்க அளக்கிறவங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டிக்கொண்டார். அளவையர் வீட்டுக்குள் வந்து கையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். அம்பு தூணடியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது கிழக்கே பார்த்ததா, தன்னைப் பார்த்ததா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நாற்பத்தாறாம் நாள் பொத்தான் கடை அம்மாவின் சமையலறைக் கதவு ஒரு சாண் திறந்து, அளவையரின் சுவரில் முட்டி நின்றது. அன்று மாலை அவர் ஒருக்களித்து வெளியே வந்து, சேலையில் சுண்ணாம்பு அப்பியிருக்க, அளவையரின் வாசலில் நின்றார். மனைவியும் வேலை முடிந்து வந்துவிட்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. என் வீடுதான் கொஞ்சம் கொஞ்சமா உங்க பக்கம் சாயுது போல. கட்டும்போதே கொத்தனார் அவசரப்பட்டாரு. உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா அந்தக் கதவை எடுத்துட்டு சுவரா அடைச்சுடறேன்" என்றார்.

ஒரு மனிதரை ஏமாற்றலாம், அவர் வந்து திட்டலாம், வழக்குப் போடலாம், அதையெல்லாம் தாங்க வழி இருக்கிறது. ஏமாந்தவர் வந்து மன்னிப்புக் கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அளவையருக்குக் காது மடல் வரை சுட்டது. பிறகு அவர் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். ஓடாதது, அந்த நேரம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தது, கடப்பாரை, சருகு, சங்கிலி நீளும் கதை என்று ஒன்று விடாமல் சொன்னார். பொத்தான் கடை அம்மா வந்தபடியே ஒருக்களித்து வீட்டுக்குள் போய்விட்டார். மனைவி மட்டும் கேட்டாள்.

"நாயை ஓட்டலைங்கறது கிடக்கட்டும். கல்லையா நகர்த்துனீங்க?"

"ஆமா."

"நீங்களா?"

அம்பு எவ்வளவு தூரம் ஓடியது என்று அதன் பிறகு அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் அளவையர் தன்மீது தானே ஒரு புகார் அறிக்கை எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். அளக்கும் வேலையிலிருந்து அவரை எடுத்துக் கோப்பறையில் போட்டார்கள். கல்லைப் பழைய இடத்தில் நடுவதற்குத் தன் வீட்டுக்குள்ளேயே தோண்ட வேண்டியிருந்தது, ஏனென்றால் அந்த இடம் இப்போது அவருடைய சாப்பாட்டு அறையில் இருந்தது. தரையைப் பெயர்த்து, மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே நட்டார். வீட்டுக்கு வந்த உறவினர் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காலில் இடித்துக்கொண்ட மைத்துனர், இது என்ன அத்தான் என்று கேட்டபோது, கல் என்று சொல்லிவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். நாய் விற்ற பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்கு ஓட விடக் கூடாது, நீளக் கயிற்றில் பழக்க வேண்டும், நிற்க ஒரு நீள விசில், திரும்பி வர இரண்டு குட்டை விசில், புல்லுக்குள் இறகு சுற்றிய கட்டையை ஒளித்துத் தேட வைத்தால் மூளையும் களைக்கும், வந்ததும் காது மடலையும் பாத இடுக்கையும் முள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னாள். அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

அப்படித்தான் தினமும் இரண்டு வேளை, ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் தெரு வழியே மூச்சு வாங்க ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று தெரு முழுக்கத் தெரியும். யாராவது கேலி செய்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார். புதர்க்காட்டில் அம்பு காற்றைக் கிழித்துப் போய், சட்டென்று காலைத் தூக்கி நின்று, காடை பறந்த பின் விசிலுக்குத் திரும்பி வரும். பெருமைப்பட வேண்டிய காட்சிதான். அவருக்குப் பெருமை வரவில்லை. வீடு வாரத்துக்கு ஒரு கண்ணி மேற்கே திரும்பியது. கல் சாப்பாட்டு அறையிலிருந்து படுக்கையறைக்குப் போனது, மூன்று மாதம் அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது, ஒரு நாள் காலை சுவரின் மறுபக்கம் வெயிலில் நின்றது.

ஒவ்வொரு ஞாயிறும் பொத்தான் கடை அம்மா கடையிலிருந்து துணி அளக்கும் டேப்பைக் கொண்டுவருவார். கல்லின் மேல் ஒரு முனையை அளவையர் குந்திப் பிடிப்பார். மறுமுனையைச் சுவரில் வைத்து அந்த அம்மா படிப்பார். முதல் ஞாயிறு, நீங்களே படிங்களேன் என்று அவர் டேப்பை நீட்டியபோது அளவையர் வாங்கவில்லை. நாற்பதாவது ஞாயிறு அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"ஒரு விரக்கடை குறையுதே" என்றார்.

டேப் நீண்டுபோயிருக்கலாம், துணி டேப் இழுத்து இழுத்து நீளும். அந்த அம்மா நம்பவும் செய்வார். அளவையரின் நாக்கு வரை அது வந்தது. அவர் கல்லிலிருந்து கையை எடுக்காமல், நிமிராமல், "வியாழக்கிழமை மழைன்னு ஓடலைம்மா. யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

பொத்தான் கடை அம்மா டேப்பை விரலில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். "சரி, ஓடிட்டு வாங்க" என்றார்.

அவர் எழுந்து போய்ச் சங்கிலியை அவிழ்த்தார். அவரும் அம்புவும் தெருமுனையைத் தாண்டியபோது, உள்ளே பாத்திரங்கள் லேசாகக் குலுங்க, வீடு ஒரு விரக்கடை மேற்கே நகர்ந்தது. அந்த அம்மா வழியிலிருந்த வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, சமையலறைக் கதவை அகலத் திறந்து உள்ளே போனார்.