முறிக்கக் கூடாத நூடில்ஸ்

ஞாயிற்றுக்கிழமை நோர்வேயின் ரொம்மனில் கடைகள் திறக்காது. அதனால்தான் சமையலறை மேசையில் இருந்த பெரிய கோப்பையைக் கண்டதும் எமிலியா அப்படியே நின்றுவிட்டாள். கோப்பை நிறைய அரிசி நூடில்ஸ், விரல் நீளத் துண்டுகளாக.

"சேமியா முறிக்கிற மாதிரி எல்லாத்தையும் முறிச்சு வச்சிட்டன், பிள்ளை. இனி உனக்கு வேலை சுகம்," என்றார் அவளுடைய அப்பா யேசுரட்ணம்.

"அப்பா, நான் பாயசம் காய்ச்சேல்லை."

"நீளமா விட்டா அகப்பையில சுத்துமெல்லே?"

எமிலியா கதிரையில் தொப்பென்று இருந்தாள். மத்தியானம் மரிசெல் வரப்போகிறாள். பிலிப்பைன்சிலிருந்து வந்து ஒரு நோர்வேக் குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்ப்பவள். கோயில் பாடகர் குழுவில் எமிலியாவுக்குப் பக்கத்தில் நிற்பவள். வீட்டை விட்டு வந்தபின் அவளுக்கு இதுதான் முதல் பிறந்தநாள். அவள் ஊரில் பிறந்தநாளென்றால் பன்சித் இருக்க வேண்டும். கோழி, முட்டைக்கோவா, கரட் எல்லாம் போட்டு, சோயா சோசில் பிரட்டிய நூடில்ஸ். அது எவ்வளவு நீளமோ ஆயுசும் அவ்வளவு நீளமாம். "இந்த வருடம் எனக்கு அது கிடையாது," என்று ரயிலில் சொல்லிவிட்டு மரிசெல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எமிலியா மறுநாளே ஆசியக் கடைகள் உள்ள குறொன்லாண்டுக்குப் போய் ஒரு பைக்கற் நூடில்ஸ் வாங்கி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கனவு: ஒற்றை நூடில்ஸ் நூல் மேசையிலிருந்து இறங்கி, பனிக்கு மேலால் போய், கடல்களைத் தாண்டி, மரிசெலின் அம்மா வீட்டுக் கதவடியில் முடிகிறது.

எமிலியா இதையெல்லாம் சொல்லி முடிக்க, யேசுரட்ணம் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப நான் அந்தப் பிள்ளையின்ர ஆயுசையே முறிச்சுப் போட்டன்."

"ஓம்."

"ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு ஆயுசு எண்டு சொன்னால்?"

"அப்பா."

அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கடித்தும் பார்த்தார். "இது காய்ஞ்ச இடியப்பம்தானே," என்றவர் எழும்பிப் போய் இடியப்ப உரலைக் கழுவத் தொடங்கினார்.

"இடியப்பம் சின்ன வட்டமெல்லோ?"

"கையை எடுக்காமல் புழிஞ்சால் நூல் ஏன் அறப்போகுது? பெரிய தட்டைக் கொண்டு வா. நீ சுத்து, நான் புழியிறன்."

வீட்டில் சிவப்பு அரிசிமாதான் இருந்தது. முதல் தடவை மா இறுகி, நூல் பாதியில் அறுந்தது. இரண்டாம் தடவை எமிலியா சுடுதண்ணீர் கூட விட்டுக் குழைத்தாள். யேசுரட்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்க, அவள் தட்டை மெதுவாகச் சுற்றினாள். நூல்கள் அறாமல் இறங்கின. அவித்தெடுத்தபின் பிரட்டப் பயந்து, கோழிக் கலவையை மேலே ஊற்றினாள்.

"முறிச்சதை என்ன செய்யிறது?"

"கிழமை முழுக்க உங்களுக்குச் சாப்பாடு அதுதான்."

மரிசெல் சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். மேசையைக் கண்டதும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். எமிலியா நடந்ததையெல்லாம் நோர்வே மொழியில் ஒப்புவித்தாள். பன்சித் இந்த நிறத்தில் இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

மரிசெல் முள்ளுக்கரண்டியால் ஒரு நூலைத் தூக்கினாள். அது வந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்து நின்றாள்; இன்னும் வந்தது. "கதிரையில் ஏறட்டுமா?" என்று கேட்டாள். பிறகு தலையை அண்ணாந்து, கடிக்காமல், சத்தத்தோடு முழுவதையும் உறிஞ்சினாள். நாடியில் சோயா சோஸ் வழிந்தது.

வாயைத் துடைத்ததும் கைத்தொலைபேசியை எடுத்தாள். அம்மாவோடு அவள் தன் மொழியில் வேகமாகக் கதைத்ததில் எமிலியாவுக்கு விளங்கியது தன்னுடைய பெயர் மட்டும்தான். மறுபக்கத்தில் ஏதோ கேட்டார்கள். மரிசெல் சிரித்துக்கொண்டு தொலைபேசியை யேசுரட்ணத்திடம் நீட்டினாள்.

"முறித்தவரோடு அம்மா பேச வேண்டுமாம்."

யேசுரட்ணம் கையைத் துடைத்தார், போட்டிருந்த சேட்டை இழுத்துவிட்டார், பாதிரியாருக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டது.

"ஓம் அம்மா," என்றார் தமிழிலேயே. "நான்தான் முறிச்சனான்."

கடல்களுக்கு அப்பாலிருந்து வந்த சிரிப்பு சமையலறை முழுவதும் கேட்டது.