காலூன்ற ஒரு படி

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் அளக்காமல் இருக்க முடிவதில்லை. மெத்தை வாங்கப் போனால் படுத்துக் காட்டச் சொல்கிறான். செருப்புக் கடையில் பாதத்தைப் பலகையில் வைத்துக் கோடு கிழிக்கிறான். அப்படி அளந்து வாங்கியதைத்தான் கடிக்கிறது என்று மூலையில் கழற்றிப் போடுகிறார்கள். என் சைக்கிளை நான் அளந்து வாங்கவில்லை. பெரியதும் சின்னதும் ஒரே விலை என்றான் கடைக்காரன். ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை எடுக்க எனக்கென்ன கிறுக்கா?

அந்தச் சைக்கிளோடுதான் போன மாதம் சிக்னலில் விழுந்தேன். நடுரோட்டில் நிற்க வேண்டியதாகிவிட்டது. கால் தரையைத் தேடியது, தரை வரவில்லை. இடுப்பில் கன்றிய இடம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. என் மகள் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்துவிட்டாள். "வண்டியை மாத்துங்க. இல்லன்னா பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள். கூட்டிப்போக யாராவது வருவார்களா என்று சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. சைக்கிள் போனால் நான் வாசல் கேட் வரைக்கும்தான் மனிதன். அதனால்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தது ஒரு பெண். நகக்கண் எல்லாம் கிரீஸ். செருப்பைக் கழற்றிச் சுவரோடு நிற்கச் சொன்னாள். தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்து, சீட்டில் உட்கார்ந்த மாதிரி மேலே இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"என்னம்மா, பேன்ட் தைக்கப் போறியா?"

"தச்சா கூலி கேப்பேன் ஐயா. ஆடாம நில்லுங்க."

புத்தகத்திலிருந்து தரைவரை டேப் பிடித்தாள். பிறகு என் சைக்கிளையும் அளந்தாள். "ஃபிரேம் உங்களுக்கு ரொம்பப் பெருசு."

"சீட்டை இறக்கிட்டாப் போச்சு."

"அது ஏற்கெனவே அடியிலதான் இருக்கு. சீட்டை இறக்கலாம், கால் நடுவுல வர்ற இந்தப் பாரை இறக்க முடியுமா? நீளமும் ஜாஸ்தி. ஹேண்டிலை எட்டி எட்டிப் பிடிச்சு ஓட்டுறீங்க. உள்ளங்கை மரத்துப்போகுமே?"

மரத்துப்போகும். அதை இவளிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்?

"இத்தனை வருஷம் எப்படி நிறுத்தினீங்க?"

"காலை ஊனித்தான்."

"எதுல?"

மருந்துக்கடைப் படியில். பேக்கரி வாசல் மேடையில். நான் சொல்லச் சொல்ல மகள் வாயைப் பிளந்தாள்.

"அதான் அந்த மூலைக்கடையிலயே அழுகின தக்காளியா வாங்கிட்டு வர்றீங்களா! எதிர்க்கடையில படி கிடையாது. அதானேப்பா?"

"அவன் நல்லவன். அதனால வாங்குறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் மனதுக்குள் ஊரைச் சுற்றி வந்தேன். நான் வழக்கமாக நிற்கும் இடமெல்லாம் ஒரு சாண் உயரம். என் ஒரே சிநேகிதன் வீட்டு வாசலிலும் ஒரு படி இருந்தது. இருந்தால் என்ன? படி இல்லாவிட்டாலும் போயிருப்பேன். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் ஒரு சைக்கிளை எடுத்துவந்தாள். பார் பின்பக்கமாகச் சரிந்து, வளர மறந்துபோன மாதிரி இருந்தது. ஏறினேன். முழங்கை தானாக மடங்கியது. சந்தில் ஒரு சுற்றுப் போய், படியும் இல்லை சுவரும் இல்லை, நட்டநடு ரோட்டில் நிறுத்திப் பார்த்தேன். கால்விரல் தரையைத் தொட்டது. நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தோளில் இழுப்பில்லாமல், பயமில்லாமல் போவதற்குப் பெயர் சைக்கிள் ஓட்டுவதா? இவ்வளவு சுலபமாக இருந்தால் எங்கேயோ ஏமாற்று இருக்கிறது.

"எப்படிப்பா இருக்கு?"

"விளையாட்டுச் சாமான்."

"பொய் சொல்லாதீங்க. திரும்பி வர்றப்போ சிரிச்சீங்க. நான் பார்த்தேன்."

"பல்லுல காத்து பட்டுச்சு."

மகள் பையிலிருந்து சங்கிலியை எடுத்தாள். நான் என் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளினேன். "பூட்டணும்னா என்னையும் சேர்த்துப் பூட்டு" என்றேன். அவள் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றாள்.

வெளியே புதிதாகப் போட்ட ரோடு. கண்ணுக்கெட்டின தூரம் தட்டையாக, ஒரு படிகூட இல்லாமல் கிடந்தது. இடுப்பில் அடிபட்டதிலிருந்து எனக்கு ஏறுவதற்கும் படி வேண்டும். இரண்டு பேரும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவு தப்பென்றால் இது இத்தனை வருஷம் என்னைச் சுமந்திருக்குமா? பெல்லை ஒருதரம் ஓங்கி அடித்தேன். ரோட்டோரமாக உயரமாய் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.