முதுகால் பிளந்த கட்டா

மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். பேசாலை மாதர் சங்க அறையில், காற்றாடியின் காற்று எட்டாத மூலையில் மடிக்கணினியோடு இருந்தேன். எங்கள் கருவாட்டுக் கடை இணையத்தளத்தின் முறைப்பாட்டுப் பெட்டியில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"மச்சாள், நான் கிருஷிகா, றெக்சன்ர மனுசி. தளம் செய்தது டிலோஜினி எண்டு கீழ உங்கட பேர் கிடக்கு, அதுதான் எழுதுறன். ஆறு தரம் மாமியின்ர படத்துக்குக் கீழதான் அமத்தி எடுத்தனாங்கள். ஆறு தரமும் வயித்தால பிளந்த கட்டாக் கருவாடுதான் வந்தது. 'அம்மா தன்ர கையால எனக்குத் தரமாட்டா, ஆரையோ கொண்டு அனுப்புறா' எண்டு அவர் பெட்டியை மூடி வைச்சிட்டார். இனிக் கேக்கமாட்டாராம். மாமிக்கு மனமில்லாட்டிப் பரவாயில்லை. பொய்யா ஒரு படத்தைப் போட்டு வைக்காதேங்கோ."

றெக்சன் என் அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் பதினேழு வயதில் கடலுக்குப் போய் என்னைப் படிப்பித்தவன். பிரான்ஸ் போனான். அங்கே ஒரு சைவசமயப் பிள்ளையை, எங்கள் மாதா கோயிலில் கட்டாமல், பதிவுத் திருமணம் செய்தான். 'என்ர கையால இனி உனக்கு ஒரு வாய் சோறும் இல்லை' என்று அம்மா தொலைபேசியை வைத்தார். மூன்று வருடம். நானும் அவனுக்குக் கோல் எடுக்கவில்லை. அவளை 'அந்தப் பெட்டை' என்றே சொன்னோம். பெயர் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் 'அழகரத்தினம் கிருஷிகா' என்று ஆறு ஓடர் வந்தபோதும் எனக்கு அது பாரிசில் கருவாடு தின்னும் யாரோ ஒருத்தி.

எங்கள் தளத்தில் கட்டா மீன் கருவாடு போடுகிறவர்கள் இரண்டு பேர்: பக்கத்து வீட்டு யசிந்தா அக்கா, என் அம்மா மேரி ரோஸ். அம்மா முதுகால் பிளப்பார். முள்ளையொட்டிக் கத்தியை ஓடவிட்டால் மீன் புத்தகம்போல விரியும், வயிறு ஒட்டியபடியே கிடக்கும். யசிந்தா அக்கா வயிற்றால் கீறுவார். பேசாலையில் பிறந்த எவனும் பெட்டியைத் திறந்த உடனே சொல்லிவிடுவான் யாருடைய கையென்று.

எனக்குத்தான் அது தெரியவில்லை. தெரிந்தும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் சரி. வாங்குகிறவர்கள் பொருளைச் சேர்க்கிற கூடைக்கென்று நான் நிரல் எதையும் எழுதவில்லை. யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரலொன்றை, கார்ட் லைப்ரரி என்பார்கள், இறக்கிப் பூட்டினேன். பொருளின் இலக்கம், பெயர், விலை, எண்ணிக்கை. நாலையும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்க்கும். ஒரே இலக்கம் என்றால் அதற்கு ஒரே பொருள். நான் மீனுக்கு இலக்கம் கொடுத்தேன், மனிசருக்குக் கொடுக்கவில்லை. கட்டா என்றால் நாலு. யாருடைய படத்துக்குக் கீழே அமத்தினாலும் கூடைக்குள் போனது நாலு. நாலைத் தேடினால் பட்டியலில் முதலில் நின்றது யசிந்தா அக்கா. ஐந்தாவதாக ஒரு இடமும் அந்த லைப்ரரியில் இருந்தது, நிறமோ அளவோ எழுத. எங்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தளம் செய்கிற நாட்களில் அம்மா பின்னால் நின்று கேட்டார்: "இதில ஆரின்ர கருவாடெண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"கருவாடு கருவாடுதானேம்மா. சும்மா இருங்கோ."

பல்கலைக்கழகம் போய்வந்த முதல் பிள்ளை நான். அம்மா சும்மா இருந்தார்.

பிறகு கிழமைக்கொரு தரம் கேட்பார்: "என்ர பேரில ஒண்டும் வரேல்லையோ?" இல்லை என்பேன். விற்காத கருவாட்டை முருங்கன் வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவான். தை மாதம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. தளத்திலிருந்து அவருடைய படத்தை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. வருகிற ஓடரெல்லாம் யசிந்தா அக்காவுக்குத்தானே என்று விட்டுவைத்தேன்.

அந்த ஐந்தாவது இடத்தில் செய்தவரின் பெயரைப் போட்டுத் திருத்தப் பதினொரு நிமிடம் பிடித்தது. லைப்ரரியில் பிழையில்லை, சொன்னதைச் செய்தது. அண்ணனிலும் ஆத்திரம் வந்தது. ஒரு கோல் எடுத்து, 'ஏனம்மா' என்று கேட்க வாய் இல்லையா அவனுக்கு? கருவாட்டை வாங்கி வாங்கியா மன்னிப்புக் கேட்பது? கிருஷிகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அம்மாவின் கையைப் பற்றியும். பார்த்துவிட்டாள். மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அம்மா கதிரையில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"ஆறு தரமோ?"

"ஓம்."

"யசிந்தான்ரயையோ அனுப்பினது?" வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "அவள் நல்லவள். கத்திதான் அவளுக்குச் சொல்வழி கேளாது."

"ஏசுங்கோம்மா என்னை."

"அந்தப் பெட்டைக்கு என்ன பேரெண்டு சொன்னனி?"

"கிருஷிகா."

வராத நாக்கில் அம்மா அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாக்குக் கோல் எடுத்துத் தரட்டோ?"

"கதைச்சு என்ன? நான் சொன்னதெல்லே அவனுக்குக் காதுக்க கிடக்கும். கடற்கரை வாடிக்குப் போ. கட்டா ஒண்டு வாங்கியா, பெரிசா."

"உங்களால ஏலாதம்மா."

"போ எண்டுறன்."

வாங்கி வந்தேன். முற்றத்தில் பலகையைப் போட்டு, அம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்து இருத்தினேன். கத்தியை இடது கையில் கேட்டார். கொடுத்தேன். செட்டைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். மீன் வழுக்கிப் போய் மணலில் விழுந்தது.

"எடு."

கழுவி வைத்தேன். இந்த முறை கத்தி கொஞ்சம் இறங்கியது. முள்ளில் முட்டியது, நின்றது. மீன் மறுபடி விழுந்தது.

"நான் வெட்டட்டோம்மா? முதுகாலதானே, நான்..."

"எடு பிள்ளை."

எடுத்தேன். தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மணலும் இரத்தமுமாக என் விரல்கள். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு, இடது கையால், முதுகில் மறுபடி கத்தியை வைத்தார்.