மூன்று முறை கழுவிய தூக்கு

பால் சொசைட்டியில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர். பாதி கேலி, பாதி மரியாதை. அப்பேர்ப்பட்டவளின் பாலைத்தான் பால் அளக்கிறவர் இரண்டாம் நாளாக மோந்து பார்த்துத் தள்ளி வைத்தார்.

"டீசல் வாடை அடிக்குதும்மா. நாளைக்கும் இப்படி வந்தா உன் கார்டை ரத்து பண்ணச் சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?"

அவளுக்கு இருந்த நிலம் எரிவாயுக் கிணற்றுக்குப் போய்விட்டது. பதிலுக்கு அங்கேயே வீட்டுக்காரருக்கு வாட்ச்மேன் வேலை, பெயருக்கு ஒரு சம்பளம். அடுப்பு எரிவதும் மகள் படிப்பதும் இரண்டு மாடுகளின் புண்ணியத்தில்தான்.

வீடு போய்ச் சேருவதற்குள் குற்றவாளி யாரென்று முடிவு கட்டிவிட்டாள்.

"எல்லாம் உங்க சட்டை நாத்தம். இனிமே மாட்டுப் பக்கமே வராதீங்க!"

"நல்லா இருக்குடி உன் நியாயம்" என்ற வீட்டுக்காரர், சைக்கிளில் தொங்கிய பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். கம்பெனி கொடுக்கும் தண்ணீர். காவலுக்கு நிற்கிறவர்கள் அந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாதாம். "துரை பவுசைப் பாரு" என்று அதற்கும் ஒரு இடி இடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவரைத் தெருப் பக்கம் துரத்திவிட்டு, அடிபம்பில் தண்ணீர் அடித்தாள். பால் தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மூன்று முறை கழுவினாள். மாட்டின் மடியை இரண்டு முறை. இதற்கு மேல் சுத்தத்தைக் கடையிலா வாங்க முடியும்?

பால் அளக்கிறவர் மூடியைத் திறந்தார், மூடினார். அதே வாடைதான். ஆனால் கார்டை ரத்து பண்ணவில்லை. வேலையை முடித்துக்கொண்டு அவளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர், இந்தத் தெருவுக்கு அதுவரை வந்ததில்லை. கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்த செம்பை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார்.

"இதுலதான் தூக்கைக் கழுவுறியா?"

"மூணு தடவை கழுவுறேண்ணே."

"அதான்மா. கழுவக் கழுவ வாடை ஏறுது. இந்தத் தண்ணி இருக்கிற வரைக்கும் உன் பாலை நான் எடுக்க முடியாது. உனக்கு வாடையே தெரியலையா?"

"என்ன வாடை? நாங்க தினமும் குடிக்கிற தண்ணிண்ணே!"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செம்பைத் தூக்கி, அவர் கண்ணெதிரிலேயே அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். ஒரு வாடையும் இல்லை. வாசலில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள், அவரும் சாட்சி சொல்லட்டும் என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் சைக்கிளில் அந்தக் கம்பெனித் தண்ணீர் பாட்டில் தொங்கியது.

வாய் நிறையத் தண்ணீரோடு அவள் நின்றுவிட்டாள். கொல்லையில் அடிபம்பு கிரீச்சிட்டது. பள்ளிக்கூடம் கிளம்பிய மகள் தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். கத்த முடியவில்லை. துப்பிவிட்டு ஓடினாள்.