சந்தியில் ஒரு டொக்டர்

சாய்ந்தமருதில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதினால் குடும்பம் முழுவதும் சேர்ந்து எழுதுகிறது என்றுதான் அர்த்தம். நல்ல பெறுபேறு வந்தால் சந்தியில் பேனர் ஏறும். அந்த வருடம் பரீட்சை எழுதியிருந்த சிபானாவின் தாய்மாமன் நஜீம் எதிலும் முந்திக்கொள்கிறவர். பெறுபேறு வந்த பிறகு அச்சகத்தில் கால் வைக்க இடமிருக்காது, நல்ல கம்பத்தையும் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் என்று யோசித்து, முந்தின நாளே கட்டிவிட்டார். எட்டடி உயரம். ‘எமது மண்ணின் வருங்கால வைத்தியர்’ என்ற எழுத்துக்குக் கீழே சிபானா. கழுத்தில், அச்சகக்காரன் தன் சொந்த ஆர்வத்தில் மாட்டிவிட்ட ஸ்டெதஸ்கோப்.

மறுநாள் பெறுபேறு வந்தது. ஒரு சீ, இரண்டு எஸ்; வைத்தியபீடத்தின் வாசலுக்குக்கூடப் போதாது. அது அவளுக்கு இரண்டாவது முறை. பல்கலைக்கழகம் போக மூன்று முறைதான் எழுதலாம். மிச்சம் ஒன்று.

“கழட்டுங்க மாமா,” என்று அழுதாள்.

“இப்ப கழட்டினா ஊர் என்னெண்டு கேக்கும் மகள். அது தானா வெளுத்துப் போகும். அதுவரைக்கும் நீ வெளியில போகாத. ஆரும் கேட்டா, மீள்திருத்தத்துக்குப் போட்டிரிக்கி எண்டு உம்மா சொல்லுவா.”

நல்ல யோசனைதான். அந்த பிளக்ஸ் இரண்டு வருடத்துக்கு வெளுக்காது என்று அச்சகக்காரன் உத்தரவாதம் கொடுத்திருந்தான். மூன்றாம் முறை எழுதுகிறவர்களுக்கான வகுப்போ மறுநாள் காலை ஆறு மணிக்குக் கல்முனையில் தொடங்குகிறது. போகிற வழி அந்தச் சந்திதான்.

அன்றிரவு சிநேகிதி ஸஹ்றா ஒரு வீடியோ அனுப்பினாள். கோட் போட்ட ஒருவர் நாற்பது நிமிடம் நின்று, உனக்குள் உறங்கும் சக்தியை எழுப்பு என்று கத்தினார். பத்தாவது நிமிடத்தில் சிபானா உறங்கிவிட்டாள். அந்த வாரம் அவள் நிம்மதியாக உறங்கியது அன்றுதான், அந்த வகையில் மனிதருக்கு நன்றி சொல்லவேண்டும்.

சக்தி எழும்பியதோ இல்லையோ, ஐந்து மணிக்கு அவள் எழும்பிவிட்டாள். இரண்டு வருடப் பழக்கம். சுபஹ் தொழுதாள், பிளேன்ரீ குடித்தாள், சைக்கிளின் பின் டயருக்குக் காற்றடித்தாள். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லையே என்பது ஞாபகம் வந்தபோது சந்தியில் இருந்தாள்.

தேத்தண்ணிக் கடை வாசலில் மீராசா காக்கா எழுந்து நின்றார். வேலைவெட்டி இல்லாததால் ஊரின் கல்வி வளர்ச்சியில் மிகுந்த அக்கறை உள்ளவர்.

“டொக்டர், முதுகு புடிச்சிரிக்கி. மருந்தொண்டு சொல்லுங்க.”

கடையே சிரித்தது. கல்முனை வரைக்கும் அழுதுகொண்டே மிதித்தாள். வகுப்பில் ஒரு வரியும் எழுதவில்லை.

அடுத்த நாள் அவருக்கு முழங்கால். அதற்கடுத்த நாள் சீனி வருத்தம். ஒரு வாரத்தில் அவர் உடம்பில் பழுதாகாத உறுப்பு எதுவும் மிஞ்சவில்லை. சிபானாவின் அழுகையோ வழியிலேயே குறைந்துகொண்டு வந்தது. இரண்டாம் நாள் பாதித் தூரம். நாலாம் நாள் செயின் கழன்றதில் அழவே மறந்துபோனாள்.

எட்டாம் நாள் இரசாயனவியலில் டெஸ்ட். பிந்திவிட்டது. மீராசா காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுவீதிக்கே வந்துவிட்டார்.

“டொக்டர், நெஞ்சு குத்துது!”

பிரேக் பிடித்தாள்.

“நான் டொக்டர் இல்ல காக்கா. ரெண்டு தரம் எழுதியும் சரிவரல்ல. மூணாம் தரம் எழுதப் போறன், அதுவும் சரிவராமப் போகலாம். இண்டைக்கு டெஸ்ட் இரிக்கி, வழிய உடுங்க. நெஞ்சு மெய்யாவே குத்தினா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒதுங்கினார். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. அதற்குள் கால் மிதிக்கத் தொடங்கியிருந்தது. டெஸ்டில் நூற்றுக்கு முப்பத்தொன்பது எடுத்தாள். பெருமைப்பட ஒன்றுமில்லை என்றாலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பின்னேரம் நஜீம் மாமா மூச்சு வாங்க வந்து நின்றார்.

“சந்தியில நிண்டு ஃபெயில் எண்டு சொன்னியாமே! என்ட முகத்த நான் எங்க கொண்டு வெக்கிற?”

“உங்கட முகத்துக்கு என்ன மாமா? எட்டடிக்குத் தொங்குறது என்ட முகம்தானே.”

மாமா கதிரையில் உட்கார்ந்தார்.

“அப்ப, இனிக் கழட்டட்டா?”

“ஓம், கழட்டுங்க,” என்றாள், கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல். “பின்னால கோழிக்கூட்டுக்கு மேல போடலாம். வெயில் அடிக்குது.”