சலவை நேரத்துப் பியானோ

ஸிவ் மறுபடியும் சலவையறைப் பலகையில் தன் பூட்டை மாட்டியிருந்தாள். எங்கள் குடியிருப்பில் யாருக்கு எந்த நேரம் இயந்திரம் என்பதை அந்தப் பலகைதான் தீர்மானிக்கிறது. பூட்டு தொங்கினால் அந்த நேரம் அவர்களுடையது. ராஜாவே அழுக்குத் துணியோடு வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு வாரத்தில் இத்தனை சலவையா என்று மூன்றாம் மாடி யில்வா கேட்க ஆரம்பித்துவிட்டாள். "ஆஸ்பத்திரித் துணியை எடுத்துத் துவைக்கிறாளா என்ன? நீ அவ புருஷன் ரூனேகூடப் பாட்டு வாசிக்கிறவன்தானே அர்னே, போய்க் கேளு" என்றாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. கோத்தன்பர்க்கில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவனுக்கு இந்த மாதிரிப் பஞ்சாயத்தை விட்டால் வேறு வேலை இல்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

இயந்திரங்கள் கதவு திறந்தபடி காலியாக நின்றன. ஒரு துணி இல்லை. பக்கத்துப் பொது அறையிலிருந்துதான் சத்தம் வந்தது. ஐந்து சுரம் மேலே ஏறி, அதே ஐந்து கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. கதவைத் தள்ளினேன். ஸிவ் கோட்டைக்கூடக் கழற்றாமல் பியானோ முன் உட்கார்ந்திருந்தாள். கைபேசி, பாட்டுத் தாள் வைக்கிற இடத்தில் சாய்ந்து நின்றது.

"ரூனேகிட்ட சொன்னா உன்னைக் கொன்னுடுவேன்" என்றாள்.

கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்தாயிக்கு ஐந்துதான் கறுப்பு. எதை எந்த வரிசையில் தொட்டாலும் தப்பாகக் கேட்காது. அதுதான் ஆரம்பக்காரர்களுக்கு அதில் உள்ள சுகம். அவள் முகத்திலும் அந்தச் சுகம் தெரிந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை வச்சுக்கிட்டு ரூனேவோட வாசிக்க முடியாதும்மா. பிடில்காரங்க இந்தச் சுருதிப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை நாங்க வாசிக்கிறது எல்லாம் ஜி சுருதியிலதான் ஓடும்."

"ஜியில எப்படி?"

"ஜி, ஏ, பி, டி, இ. வெள்ளைக் கட்டைதான். சியையும் எஃப்பையும் தொடாதே."

மூன்று விரல் வைத்து, கட்டைவிரலை அடியில் நுழைத்து, டியைத் தொட்டாள். ஏறும்போது வந்தது. இறங்கும்போது விரல் சியில் விழுந்தது. கறுப்பில் இருந்த பாதுகாப்பு வெள்ளையில் இல்லை; பள்ளத்தை அடையாளம் காட்டாத பனித்தரைதான் அது.

"உனக்கெதுக்கு இந்த வயசுல?" என்றேன்.

அவள் கைபேசியை அணைத்தாள். "கல்யாணமான வருஷம் ஒரு விருந்துல நான் பாடினேன். ஸிவ்வுக்குக் காது கேக்கும், சுரம்தான் கேக்காதுன்னு ரூனே எல்லார் முன்னாடியும் சொன்னான். சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து உங்களுக்குக் காப்பி போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு தடவை அவன் தாடை என் பக்கம் திரும்பணும் அர்னே. அவ்வளவுதான்."

தாடை என்று அவள் சொன்னது எங்கள் பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை அந்த அறையில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்போம். பாட்டை ஒரு தடவை வாசித்ததும் ஆளுக்கு ஒரு சுற்றுத் தனியாக வாசிக்க வேண்டும். அடுத்து யார் என்று ரூனே தாடையால் காட்டுவான். கடைசிச் சுற்றில் "ஏ!" என்று கத்துவான், எல்லோரும் ஜியிலிருந்து ஒரு படி மேலே ஏ சுருதிக்கு ஏறி முடிப்போம். தலை நரைத்தும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. இதையும் அவளிடம் சொன்னேன். ஏயில் கறுப்பும் வெள்ளையும் கலந்து வரும். முயன்று பார்த்தாள், விரல்கள் ஒன்றோடொன்று சிக்கின. "அதுக்கு முன்னாடியே என் சுற்று முடிஞ்சுடும், விடு" என்றாள். யில்வாவிடம் திரைச்சீலைகள் துவைக்கிறாள் என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ரூனே பிடிலைச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது ஸிவ் நேராகப் போய்ப் பியானோவில் உட்கார்ந்தாள்.

"காப்பி எங்க?" என்றான் ரூனே.

"பிளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்கோ."

அக்கார்டியன் லென்னார்ட் எதையோ கேட்கப் போய், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பாட்டு தொடங்கியது. ரூனே தன் சுற்றை வாசித்தான்; அவனுக்குப் பக்கத்தில்தான் பியானோ. முடித்ததும் தாடையைத் தூக்கினான். அது ஸிவ்வைத் தாண்டி லென்னார்ட்டிடம் போய் நின்றது. கெட்ட எண்ணம் இல்லை. அவளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பான். எனக்கு ஆத்திரம் வந்தது. அடிச்சுருதி பிடிக்கிற பேஸ் வாசிக்கிறவன் நான்; நான் நகர்ந்தால்தான் சுற்று அடுத்த ஆளுக்கு நகரும். நான் ஜியிலேயே நின்றேன். ரூனே திரும்பி என்னை முறைத்தான். லென்னார்ட் துருத்தியை விரித்தபடி காத்திருந்தான்.

ஸிவ் வாசித்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஏறினாள், நடுவில் திரும்பினாள், டியில் கொஞ்சம் தங்கினாள். இறங்கும்போது விரல் சியைத் தாண்டி பியில் சரியாக இறங்கியது. சலவை நேரத்தில் நான் கேட்டதில் பாதி வேகம்தான், ஆனால் ஒரு சுரமும் பிசகவில்லை. ரூனே அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பிறகு லென்னார்ட் வாசித்தான். மற்றவர்களும் வாசித்து முடித்தார்கள்.

அவள் நிறுத்தவில்லை. தன் சுற்று முடிந்தால் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. எங்களோடு சேர்ந்து அடியில் மெதுவாக அந்த ஐந்தையே தொட்டுக்கொண்டிருந்தாள். பயம் எனக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே சுற்று, அப்புறம் ஏ; அது அவள் விரலுக்கு வராது.

ரூனே வழக்கம்போல வில்லை உயர்த்தினான். வாய் பாதி திறந்தது. லென்னார்ட்டின் விரல்கள் ஏற்கெனவே ஏ பக்கம் நகர்ந்திருந்தன. ஸிவ் ரூனேவை நிமிர்ந்து பார்த்தாள், கைகள் ஜியில் இருந்த இடத்திலேயே இருந்தன. நானும் ஏறாமல் பழைய ஜி கம்பியையே தட்டிக்கொண்டிருந்தேன். ரூனேவின் வாய் திறந்தபடியே இருந்தது, "ஏ" வெளியே வரவில்லை, வில் இன்னும் கீழே இறங்கவில்லை.